ரயில்வே ஊழியர்கள் ஓவர்டைம் மணியைக் கணக்கிடுவது எப்படி?

"நேற்று 8 மணி நேர டியூட்டி 10 மணி நேரம் ஆகிவிட்டது, அப்போ 2 மணி ஓ.டி. (ஓவர்டைம்)." ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அது சரிவராது. பெரும்பாலான ஊழியர்களுக்கு இங்கே ஒரு நாளை மட்டும் வைத்து ஓ.டி. பார்ப்பதில்லை, 14 நாளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: உங்கள் வகை எது?

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் வேலையை நான்கு வகையாகப் பிரிக்கிறது: இன்டென்சிவ் (ஓய்வே கிடைக்காத கடும் வேலை), கன்டினியூயஸ் (தொடர்ச்சியான வேலை), எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட் (இ.ஐ., இடையிடையே ஓய்வு கிடைக்கும் வேலை), எக்ஸ்க்ளூடட் (இந்த நேர வரம்புகளுக்கு வெளியே உள்ள வேலை). உங்கள் பணியிட ரோஸ்டரில் (டியூட்டி நேர அட்டவணை) இது இருக்கும். மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்கள் போன்ற எக்ஸ்க்ளூடட் ஊழியர்களுக்கு இந்த ஓ.டி. கணக்கு பொருந்தாது.

படி 2: இரண்டு எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒன்று ரோஸ்டர் மணி, இன்னொன்று சட்ட உச்சவரம்பு. ரயில்வே ஊழியர்களின் பணி நேரம் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகளின்படி ரோஸ்டர் மணி கன்டினியூயஸுக்கு வாரத்துக்கு 48, இன்டென்சிவுக்கு 42. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு வாரச் சராசரியாக கன்டினியூயஸுக்கு 54, இன்டென்சிவுக்கு 45. இரண்டு வாரத்துக்குப் பார்த்தால் கன்டினியூயஸுக்கு ரோஸ்டர் மணி 96, உச்சவரம்பு 108; இன்டென்சிவுக்கு 84, 90. சார்ஜ் (பொறுப்பு) கொடுப்பது, வாங்குவது போன்ற வேலைகளுக்காகச் சில இடங்களில் ரோஸ்டர் மணி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அங்கே 96க்குப் பதில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உண்மையான மணியை எழுதுங்கள்

டியூட்டியில் ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரிலீவர் (உங்களை விடுவிக்க வரும் அடுத்த ஊழியர்) தாமதமாக வந்தால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு கிளெய்மில் நிற்காது. 14 நாள் சுழற்சி ரோஸ்டரில் எந்த நாளில் தொடங்குகிறதோ அந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும், நமக்குத் தோன்றிய தேதியிலிருந்து அல்ல.

படி 4: கழித்துப் பாருங்கள்

ஒரு கன்டினியூயஸ் ஊழியர் 14 நாளில் 114 மணி நேரம் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். 114இலிருந்து 96ஐக் கழித்தால் 18 மணி ஓவர்டைம். இதை அப்படியே ஒரே விகிதத்தில் பெருக்கக் கூடாது. 96 முதல் 108 வரையுள்ள 12 மணிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18 மணிக்கான சம்பளம். 108க்கு மேல் உள்ள 6 மணிக்கு இரண்டு மடங்கு, அதாவது 12 மணிக்கான சம்பளம். ஆக, 18 மணி கூடுதல் வேலைக்கு 30 மணிக்கான சம்பளம் வர வேண்டும்.

இதே முறையில் ஒரு நாள் 10 மணி, மறுநாள் 6 மணி பார்த்திருந்தால் இரண்டும் ஈடாகிவிடும். அந்த இரண்டு நாளால் ஓ.டி. எதுவும் வராது.

இ.ஐ. ஊழியர்களுக்கு மட்டும் வாரக் கணக்கு. உச்சவரம்பு 75 மணி. வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் வண்டிகள் பெருகிய இடங்களில் அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை என்றால், பழைய வகைப்பாட்டிலேயே ஊழியரை வைத்திருப்பது அநியாயம். அப்படிப்பட்ட இடத்தில் ஓ.டி. கேட்பதற்கு முன் வகையை மாற்றக் கேளுங்கள். வகைப்பாடு பற்றிய தகராறை மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் கொண்டுபோகலாம்.

வார ரெஸ்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்டென்சிவ், கன்டினியூயஸ் ஊழியர்களுக்கு வாரம் தொடர்ச்சியாக 30 மணி நேர ரெஸ்ட் தர வேண்டும். அது பறிபோனால் ஈட்டு ரெஸ்ட் (அதற்குப் பதிலான ஓய்வு) கேட்பது தனி உரிமை.