கட்டுநர் நொடித்த வளாகத்தில் மின்சாரமும் தண்ணீரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

அடுக்குமாடி வளாகத்தைக் கட்டிய நிறுவனம் நொடித்துவிட்டது என்று தெரிந்ததும், குடியிருப்போரின் கவலை பாதியில் நிற்கும் அடுத்த பிளாக்கின் மீதும் இன்னும் பதிவாகாத பத்திரத்தின் மீதும் போகிறது. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அவற்றுக்கான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மேல்நிலைத் தொட்டியோ ஒரே நாளில் காலியாகிவிடும். சென்னையின் தெற்குப் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் 120 வீட்டு வளாகத்தில் இந்தச் செய்தியை எங்களுக்கு முதலில் தெரிவித்தது, மீட்டர் அறைக் கதவில் ஒட்டியிருந்த மின் துண்டிப்பு அறிவிப்புதான். பொது விளக்கு, லிஃப்ட், மோட்டார் எல்லாம் ஓடும் அந்த இணைப்பு கட்டுநர் நிறுவனத்தின் பெயரில் இருந்ததையே அன்றுதான் அறிந்தோம். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று கருதி, செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, எது யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. பொது மின் இணைப்புகள், குடிநீர் வாரிய இணைப்பு இருந்தால் அது, லிஃப்ட் உரிமம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணை, ஜெனரேட்டர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பெயர், இணைப்பு எண், பாக்கித் தொகை, காலாவதி நாள் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். அன்றைய மீட்டர் அளவுகளைத் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். நொடிப்பு வழக்கு தொடங்கிய நாளுக்கு முந்தைய பாக்கி எவ்வளவு, பிந்தையது எவ்வளவு என்ற கேள்வி பின்னால் கட்டாயம் எழும். அப்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

அடுத்து, இப்போது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளில், நிறுவனத்தின் இயக்குநர் குழு அதிகாரத்தை இழக்கிறது. அந்த அதிகாரம் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் செல்கிறது. ஆகவே பழைய விற்பனை அலுவலகத்தின் வாசலில் காத்திருப்பதில் பயனில்லை. அதே நாளில் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி தடைக்காலமும் தொடங்குகிறது. இந்தக் காலத்தில் நிறுவனத்தின் மீது புதிதாக வழக்குப் போடவோ, நடக்கும் வழக்கைத் தொடரவோ முடியாது. ஆனால் மின்சாரம், தண்ணீர் போன்ற இன்றியமையாச் சேவைகளைத் தடைக்காலத்தில் நிறுத்தக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய பாக்கிக்காகத் துண்டிக்க வந்தால், தீர்ப்பாய ஆணையின் நகலை இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, செயற்பொறியாளருக்கு அன்றே கடிதம் கொடுங்கள். நடப்பு மாதக் கட்டணத்துக்கு இந்தக் காப்பு பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். இன்று ஓடும் மோட்டாருக்கு இன்றே யாராவது பணம் கட்டியாக வேண்டும்.

கட்டுநர் கட்ட வேண்டிய கட்டணத்தை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று முதல் கூட்டத்தில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். சட்டப்படி அது சரியான கேள்விதான். பராமரிப்பைச் சங்கம் ஏற்கும்வரை இன்றியமையாச் சேவைகளை வழங்குவது கட்டுநரின் கடமை என்று வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டமே சொல்கிறது. ஆனாலும் நான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கு அந்தச் சட்டப் பிரிவு லிஃப்டை ஓட்டித் தராது. நடப்புக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உரிமையை விட்டுக்கொடுக்காமல், நிறுவனத்தின் சார்பில் கட்டுகிறோம் என்று தீர்வு நிபுணருக்கு எழுதிவிட்டு, ரசீதோடு கட்டுங்கள். அந்தத் தொகையை நொடிப்புத் தீர்வு நடவடிக்கைச் செலவாக ஏற்க வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். அவருடைய ஒப்புதல் எழுத்தில் வந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்க வழியுண்டு.

பணம் வசூலிக்கவும் கையெழுத்திடவும் ஒரு பதிவான சங்கம் தேவை. தமிழ்நாட்டில் பழைய வளாகங்கள் பல 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. இப்போது 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. எந்தச் சட்டத்தின்கீழ் என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யலாம். பதிவு முடியும்வரை மூன்று குடியிருப்போர் கூட்டாகக் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு ஒன்று போதும். பணம் எந்தத் தனிநபரின் கணக்குக்கும் போகக் கூடாது. எங்கள் வளாகத்தில் சண்டை தொடங்கியதே அந்த இடத்தில்தான்.

வசூல் எவ்வளவு என்பதைத் தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. 120 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளொன்றுக்கு 64,800 லிட்டர் ஆகும். போர்வெல் வற்றி, முழுவதையும் வெளியிலிருந்து வாங்க நேர்ந்தால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய ஐந்தரை நடை வர வேண்டும். இந்த எண்ணைக் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டினால், கூடுதல் வசூலுக்கு எதிர்ப்பு பெருமளவு அடங்கும். ஜெனரேட்டரை லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் என்று சுருக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய மூன்று முதல் மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். விற்காத வீடுகளின் பராமரிப்புப் பங்கு நிறுவனத்தின் பொறுப்பு. அதையும் மாதந்தோறும் தீர்வு நிபுணருக்கு எழுத்தில் அனுப்பி வாருங்கள்.

எல்லோரும் கடைசியில் நினைப்பதும், கெட்டால் சரிசெய்ய அதிக நாள் பிடிப்பதும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள். காற்று ஊதும் ப்ளோயர் நின்றுவிட்டால் அவை மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த எங்களில் சிலர் இரவில் ப்ளோயரை நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தரைத்தளம் முழுதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வேறொரு வளாகத்தின் நிலையத்திலிருந்து நல்ல சேற்றைக் கொண்டுவந்து கலந்து, மீண்டும் உயிர் பிடிக்கப் பல வாரங்கள் ஆயின. நிலையம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்று, மண் வாசம் வந்தால் நல்லது. கருத்துக் கலங்கி நாறினால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஓர் ஆளை இறக்க வேண்டாம். தக்க பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நச்சுவாயு ஒரு நொடியில் உயிரைக் குடிக்கும். பணம் இல்லாத நேரத்தில் மலிவாக ஆள் கிடைக்கிறது என்ற பேச்சு எழும்போது, அதை முதல் வாக்கியத்திலேயே மறுத்துவிடுங்கள்.

இயந்திரத்தை விட முக்கியமானவர், அதை ஓட்டும் மனிதர். கட்டுநர் சம்பளம் தராமல் மூன்று மாதம் ஆனாலும் எங்கள் ப்ளம்பர் அண்ணன் தினமும் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். “சார், இந்த வால்வ முக்காலுக்குத்தான் திறக்கணும், முழுசாத் திறந்தா சி பிளாக்குக்குத் தண்ணி ஏறாது” என்று ஒருநாள் சொன்னார். அந்தச் செய்தி எந்த வரைபடத்திலும் இல்லை. அவரோடு ஒரு முழு நாள் சுற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதிய தகடு கட்டி, எது எதற்கு என்று எழுதி வாங்குங்கள். அதற்கு முன்பே அவருடைய சம்பளத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டு, முதல் வசூலிலிருந்து கொடுத்துவிட வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குக் கட்டுநரின் சம்மதக் கையெழுத்தை அலுவலகங்கள் கேட்கும். இப்போது அதைத் தர உரியவர் தீர்வு நிபுணர். மின் இணைப்பு, குடிநீர், லிஃப்ட் உரிமம், இசைவாணை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்மதக் கடிதத்தை நாமே தட்டச்சு செய்து, சங்கத் தீர்மானத்தின் நகலுடன் கொண்டுபோனால் வேலை விரைவாக முடியும். கட்டட வரைபடங்கள், லிஃப்ட், பம்ப் உத்தரவாத அட்டைகள், தீயணைப்புச் சான்று ஆகியவற்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கட்டுநரிடம் செலுத்திய கார்பஸ் நிதியையும் (வளாகத்துக்கான பொது வைப்பு நிதி) பராமரிப்பு முன்பணத்தையும் தீர்வு நிபுணரிடம் கோரிக்கையாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதற்காக அவர் வெளியிடும் அறிவிப்பில் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வீடு வாங்குவோர், கடன் கொடுத்த வங்கிகளைப் போல, நிதிக் கடனீந்தோராகக் கருதப்படுகிறார்கள். வீடு கிடைக்காதவர்கள் ‘சிஏ’ படிவத்தில் கோரலாம். வீட்டில் குடியேறிவிட்டவர்களும் சங்கமும் எந்தப் படிவத்தில் கோருவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இவற்றுக்கெல்லாம் கால எல்லை உண்டு. தீர்வு நடவடிக்கைக்குச் சட்டம் 180 நாள் தருகிறது. நீட்டிப்பும் வழக்குக் காலமும் சேர்த்து 330 நாள் என்பது வரம்பு, நடைமுறையில் அதையும் தாண்டுவதுண்டு. யாரும் நிறுவனத்தை எடுத்து நடத்த வராமல் தீர்ப்பாயம் கலைப்பு ஆணை பிறப்பித்தால், அன்றோடு தடைக்காலம் முடிகிறது. சேவையைத் துண்டிக்கக் கூடாது என்ற காப்பும் அதோடு போய்விடும். அந்த நாளுக்குள் மீட்டர் அறையிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்.