196 கட் ஆஃப், கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா? எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ரெண்டாவது நாளே எங்கள் வீட்டு வாசலில் செருப்பு சேர ஆரம்பித்துவிடும். சேலம் அஸ்தம்பட்டியில் கணக்கு டியூஷன் எடுக்கிறவன், பொறியியல் கவுன்சலிங் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். "சார், 196 இருக்குதுங்க, கிண்டி கிடைச்சிருமுங்களா?" ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இதே கேள்வி. கையில் வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு பட்டியல் இருக்கும், கல்லூரி பேருக்கு நேராக ஒரே ஒரு நம்பர். அதை முதலில் மடித்து வையுங்கள் என்பேன். கல்லூரிக்கு ஒரு நம்பர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் பல வரிசைகள் நிற்கின்றன, உங்கள் பிள்ளை நிற்கிற வரிசையில் போன வருஷம் கடைசியாக உள்ளே போனவர் எந்த இடத்தில் நின்றார் என்பதுதான் நமக்கு வேண்டிய ஒரே தகவல்.

கட் ஆஃப் கணக்கு தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கணக்கு அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, ஆக மொத்தம் 200-க்கு. கணக்கில் 98, இயற்பியலில் 97, வேதியியலில் 95 என்றால் 98 + 48.5 + 47.5, ஆக 194. ஒரே கட் ஆஃபில் ரெண்டு பேர் இருந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அதுவும் சமமானால் வேறு சிலவற்றைத் தாண்டிப் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண் வரைக்கும் போகும். 199-க்கு மேலே நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் இதெல்லாம் விளையாட்டில்லை.

ஆனால் வாய்ப்பைக் கணிக்க கட் ஆஃபை நம்பாதீர்கள், ரேங்க்கைப் பிடியுங்கள். ஒரு வருஷம் கணக்குப் பேப்பர் கடினமாக வந்தால் எல்லோருடைய கட் ஆஃபும் சேர்ந்து இறங்கும், சுலபமாக வந்தால் சேர்ந்து ஏறும். 2021-ல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை எல்லாவற்றையும் கலந்து மார்க் போட்டார்கள், அந்த வருஷத்துக் கட் ஆஃபை இன்றைக்கு வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரேங்க்குக்கு இந்தத் தொல்லை குறைவு. பேப்பர் எப்படி வந்தாலும் ஆயிரமாவது ஆள் ஆயிரமாவது ஆள்தான். ரேங்க் பட்டியல் வரும்வரை பொறுக்க முடியவில்லை என்றால், முந்தைய வருஷங்களில் உங்கள் கட் ஆஃபுக்கு எந்த ரேங்க் வந்தது என்று பார்த்து உத்தேசமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம், கூடவே கீழே மேலே கொஞ்சம் இடம் விட்டு.

இனி வரிசை. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் 31 சதவீதம் பொது, 26.5 பி.சி., 3.5 பி.சி. முஸ்லிம், 20 எம்.பி.சி., 15 எஸ்.சி., 3 அருந்ததியர், 1 எஸ்.டி. இந்த 31-ஐத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது யாருக்கும் ஒதுக்கப்பட்டதில்லை, எல்லோருக்கும் திறந்தது. பி.சி. பிள்ளைக்கு நல்ல ரேங்க் இருந்தால் பொது இடத்திலேயே உட்காரும், பி.சி. இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும். அதனால் உங்களுக்கு ரெண்டு கதவு, ரெண்டையும் பாருங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்பது தனி வரிசை, 2021 முதல் பொறியியலுக்கும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நகராட்சி, மாநகராட்சி, பழங்குடியினர் நலப் பள்ளிகளும் சேரும். உதவி பெறும் பள்ளி சேராது. இது தெரியாமல் கடைசி நாளில் முகம் வாடிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த வரிசையில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது என்பதால், கிடைக்குமா என்ற கேள்வியோடு கட்ட முடியுமா என்ற கேள்வியும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

சரி, கணிப்பது எப்படி? உங்கள் வரிசையில், நீங்கள் கேட்கும் பிரிவில், கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்கை மூன்று வருஷத்துக்கு எடுங்கள். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. தளத்திலேயே பழைய விவரம் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூகம் வாரியாக இருக்கிறது, காசு கொடுத்து எந்த 'எக்ஸ்பர்ட்'டிடமும் வாங்க வேண்டியதில்லை. கற்பனைக்கு 3,100, 3,600, 3,300 என்று வைப்போம். உங்கள் ரேங்க் 2,800 என்றால் ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான். 3,400 என்றால் பூவா தலையா. 4,000 என்றால் ஆசைப்படலாம், நம்பி இருக்கக் கூடாது. 6,000 என்றால் வேறு கல்லூரியைப் பேசலாம் வாங்க. இதற்கு மேல் 'உங்கள் வாய்ப்பு 73.4 சதவீதம்' என்று புள்ளி வைத்துச் சொல்லும் செயலிகள் எல்லாம் கிளி ஜோசியம், கிளிக்காவது நெல் கிடைக்கும். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பொது வரிசை 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். 196-க்குக் கிண்டி வளாகமே கிடைக்காது என்று அர்த்தமில்லை, அதே வளாகத்தில் சிவிலோ மைனிங்கோ வேறு கதை, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்னொரு கதை. கல்லூரி பேரைக் கேட்காதீர்கள், கல்லூரியும் பிரிவும் சேர்ந்த ஒன்றைக் கேளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த மூன்று வருஷக் கணக்கு கவிழும். ஏற்காட்டிலிருந்து ஒரு அப்பா வந்தார், காபித் தோட்டத்தில் வேலை, மகள் அரசுப் பள்ளி, எஸ்.டி. "போன வருசம் இவ்வளவு குறைஞ்ச ரேங்க்குக்கே குடுத்திருக்காங்க சார், அப்ப எம் புள்ளைக்குக் கண்டிப்பா உண்டு" என்றார். நான் பென்சிலை எடுத்தேன். 60 இடம் உள்ள ஒரு பிரிவில் பொதுவுக்கு 18 சொச்சம், பி.சி.க்குப் 16-ஐ ஒட்டி, எம்.பி.சி.க்கு 12. எஸ்.டி.க்கு? 0.6. ஒரு முழு இடம்கூட இல்லை, ஒன்று இருக்கும் அல்லது இருக்காது. அப்படிப்பட்ட வரிசையில் போன வருஷக் கடைசி ரேங்க் என்பது ஒரே ஒரு பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை வேறு எங்காவது போயிருந்தால் நம்பரே தலைகீழாக மாறியிருக்கும். 12 பேர் உள்ளே போன வரிசையின் கடைசி நம்பரை நம்பலாம், ஒருவர் போன வரிசையின் நம்பரை நம்ப முடியாது. இந்த மாதிரிச் சின்ன வரிசையில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது, ஒரு கல்லூரியின் கதையை விட்டுவிட்டு, தன் கம்யூனிட்டி ரேங்க் (தன் சமூகத்துக்குள் மட்டும் எண்ணிய ரேங்க்) என்ன, தனக்கு முன்னால் எத்தனை பேர், மாநிலம் முழுக்க நல்ல கல்லூரிகளில் அந்த வரிசைக்கு மொத்தம் எத்தனை இடம் என்று பார்ப்பது. அவருடைய மகளுக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் கிண்டி உறுதி என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு நல்ல அரசுக் கல்லூரி உறுதி என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. அப்புறம் 7.5 வரிசை வேறு இருந்தது. எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டியது, அது ரிசல்ட்டுக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கணக்கும் இதே மாதிரிதான், வரிசைகளின் பேர் மட்டும் வேறு. அந்த இடங்களை ஒதுக்கும் ஜோசா தளத்தில் ஓபனிங் ரேங்க் (முதலில் இடம் பெற்றவருடையது), க்ளோசிங் ரேங்க் (கடைசியாகப் பெற்றவருடையது) எல்லாம் ரவுண்டு வாரியாகப் போட்டிருக்கிறார்கள். ஓபனிங் ரேங்க்கைப் பார்த்து பெருமூச்சு விட வேண்டாம், கடைசி ரவுண்டின் க்ளோசிங் மட்டும் பாருங்கள். இங்கே எல்லோரும் சறுக்குகிற ஒரு இடம்: ஓ.பி.சி. (மத்திய அரசுப் பட்டியல்படி பிற்படுத்தப்பட்டோர்) வரிசையில் போட்டிருக்கும் எண் ஓ.பி.சி. ரேங்க், அகில இந்தியப் பொது ரேங்க் இல்லை. பொது ரேங்க்கை எடுத்துக்கொண்டு போய் ஓ.பி.சி. வரிசையில் ஒப்பிட்டு, கிடைக்காது என்று அழுத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், கடைசியில் கிடைத்தது. எண்ணுக்குப் பக்கத்தில் 'பி' எழுத்து இருந்தால் அது நேரடி இடத்துக்கு இல்லை, ஒரு வருஷ ஆயத்தப் படிப்புக்கான ரேங்க், அதையும் கலக்காதீர்கள்.

அப்புறம் சான்றிதழ். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே நீட்டினால் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலில் உங்கள் சமூகம் இருக்க வேண்டும், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று அந்த நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் 27 சதவீத வரிசையிலிருந்து பொது வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள், போட்ட கணக்கெல்லாம் வீண்.

திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு. இந்த 'தமிழ்நாடு' நீங்கள் பிறந்த ஊர் இல்லை, பிளஸ் டூ எங்கே முடித்தீர்கள் என்பது. சேலத்திலிருந்து பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு ஹைதராபாத் கோச்சிங்குக்கு அனுப்பி அங்கேயே பிளஸ் டூ எழுத வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள், அந்தப் பிள்ளைக்குத் திருச்சி வெளிமாநில வரிசை, வாரங்கல்தான் சொந்த மாநிலம். ஐ.ஐ.டி.யில் இந்தப் பேச்சே கிடையாது, அங்கே மாநில வரிசை இல்லை. பாம்பே கம்ப்யூட்டர் சயின்ஸ் பொது வரிசை முதல் 70 ரேங்க்குக்குள் மூடிவிடுகிறது, அதற்கு வாய்ப்புக் கணக்குப் போட என்னிடம் வரவேண்டியதில்லை.

இப்போது கடினமான பகுதி. ஃபேர்லாண்ட்ஸ் பக்கமிருந்தும் ஏற்காட்டுப் போர்டிங் பள்ளிகளிலிருந்தும் அமெரிக்கக் கேள்வி வர ஆரம்பித்திருக்கிறது. "எஸ்.ஏ.டி. 1560 சார், ஹார்வர்டுக்கு சான்ஸ் எவ்வளவு?" எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கக் கல்லூரிகள் பார்க்கும் தேர்வு, மொத்தம் 1600-க்கு. அங்கே க்ளோசிங் ரேங்க் என்ற ஒன்றே இல்லை. ஹார்வர்டில் சேர்ந்தவர்களில் நடுவில் நிற்கும் பாதிப்பேர் ஏறக்குறைய 1500-லிருந்து 1580 வரை வாங்கியவர்கள், ஆகவே 1560 என்பது வாசல் திறக்கும் சீட்டு, உள்ளே உட்காரும் சீட்டு இல்லை. 1400 என்றால் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லலாம், 1560 என்றால் அதிகம் என்று சொல்ல முடியாது. இறங்குவதற்கு மட்டும் உதவும், ஏறுவதற்கு உதவாத அளவுகோல் அது.

ஆனால் வரிசை அங்கேயும் உண்டு. எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவில் இருப்பது) நூற்றுக்கு நாலைந்து பேரை எடுக்கிறது என்று படிப்பீர்கள். வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. உங்கள் பிள்ளை நிற்பது அந்த வரிசையில். அதற்குள்ளும் ஒரு பிளவு, பண உதவி கேட்கிறீர்களா இல்லையா என்பது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளை பண உதவி கேட்டாலும் அதைத் தேர்வில் கணக்கில் எடுப்பதில்லை. மற்றப் பெரும்பாலான இடங்களில் எடுப்பார்கள், கேட்டால் வரிசை நீளும். இதைத் தெரிந்துகொள்ள 'காமன் டேட்டா செட்' என்று ஒரு ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் வருஷாவருஷம் வெளியிடுகின்றன. அதில் சி பகுதியில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று எதற்கு எவ்வளவு எடை என்று இருக்கும், ஹெச் பகுதியில் வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு என்று இருக்கும். அந்த ஹெச் பகுதியை முதலில் திறங்கள்.

ஒரு அப்பா என்னிடமே கணக்குப் பேசினார். பத்துக் கல்லூரிக்குப் போடுகிறோம், ஒவ்வொன்றிலும் 5 சதவீதம், ஆக மொத்தம் 50 சதவீதம். கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும், அப்படிச் செய்தால் ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம் வரும் என்றேன். அவர் 40-க்கே சந்தோஷப்பட்டுவிட்டார், அதுதான் என் தப்பு. அந்த 40-உம் பொய். பத்து இடத்துக்கும் போவது ஒரே பிள்ளையின் ஒரே கட்டுரை, ஒரே கடிதம். ஒரு இடத்தில் அது எடுபடாவிட்டால் அடுத்த ஒன்பதிலும் எடுபடாமல் போகத்தான் அதிக வாய்ப்பு. லாட்டரிச் சீட்டுப் பத்து வாங்குவது மாதிரி இல்லை இது. இப்போதெல்லாம் அமெரிக்கக் கேள்விக்கு நான் சதவீதமே சொல்வதில்லை. பணம் கட்ட முடிகிற, பாதிக்குப் பாதிப் பேரை எடுக்கிற ரெண்டு இடம் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன், இல்லையென்றால் சேர்த்துக்கொண்டு வரச் சொல்வேன்.

நம் ஊர் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்ட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் கணிப்பைச் சரியாகப் போட்டவர்களும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டுவிட்டு ஆசைப்பட்டதைக் கீழே தள்ளுகிறார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும், முதலில் எது கிடைக்கிறதோ அதோடு நிற்கும். மேலே கருப்பூர் அரசுக் கல்லூரியைப் போட்டு, அதற்குக் கீழே கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியை (ஜி.சி.டி.) ஆசையாகப் போட்டால், கருப்பூர் கிடைத்த நொடியில் ஜி.சி.டி. கண்ணுக்கே படாது. ஆசை வரிசையில் போடுங்கள், கிடைக்காததை மேலே போட்டதற்காக யாரும் தண்டனை கொடுப்பதில்லை. கணிப்பு தேவைப்படுவது லிஸ்ட்டின் அடிப்பகுதிக்கு, அங்கே உறுதியாகக் கிடைக்கிற அஞ்சாறு இருந்தே ஆக வேண்டும்.

ஏற்காட்டு அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்கே 42 சாய்ஸ் எழுதினார்கள், முதல் வரியில் கிண்டி. தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, மலை ஏறாமல் கீழேயே இருந்து லிஸ்ட்டை லாக் பண்ணிவிட்டுப் (இறுதி செய்துவிட்டுப்) போங்கள் என்றேன். கடைசி நாளுக்கு வைத்தால், மலையில் மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போனால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டியிருக்கும்.