அடிவயிற்று வலியைக் காலண்டரில் குறிப்பது எப்படி

பள்ளத்தூரில் பலகாரம் போட்டு விற்கிறேன். கல்யாண மாதமென்றால் விடியற்காலை ஐந்து மணிக்கே அடுப்பு எரியும். மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் தேன்குழல் அச்சைப் பிழியக்கூடக் கையில் வலு இருக்காது. அடிவயிறு சுண்டி இழுக்கும், வலி இடுப்பைச் சுற்றித் தொடை வரை இறங்கும். அப்பத்தா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, "பொம்பளைப் பிள்ளைக்கு இது இருக்கத்தான் செய்யும் ஆத்தா" என்பார்கள். ஒரு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார். இப்படியே எட்டு வருடம் போனது.

நிலைமை மாறியது இரண்டாம் கட்டுத் தூணில் தொங்கும் மாதக் காலண்டரால்தான். இதே வலியோடு இருப்பவர்கள் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

உதிரம் படத் தொடங்கும் நாளை 1 என்று குறியுங்கள். அடுத்த மாதம் மறுபடி படும்வரை 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கட்டும். வலித்த நாளில் வலியின் அளவுக்குப் பென்சிலால் 0 முதல் 10 வரை ஒரு எண் (0 என்றால் வலி இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி). பக்கத்தில் இடம்: வலப்பக்கமா, இடப்பக்கமா, முதுகா. சாப்பிட்ட மாத்திரை, மாற்றிய நாப்கின் எத்தனை. அப்புறம் நாம் வெட்கப்பட்டு விட்டுவிடும் மூன்று விஷயங்கள்: மலம் கழிக்கும்போது வலித்ததா, சிறுநீர் போகும்போது கடுத்ததா, கணவரோடு சேரும்போது உள்ளே வலித்ததா. இந்த மூன்றையும் நான் யாரிடமும் சொன்னதே இல்லை. நோயைப் பற்றி அதிகம் சொல்வது இவைதான்.

மூன்று மாதம் குறித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 14-ஆம் நாளை ஒட்டி ஒரு பக்கமாகச் சில மணி நேரம் வந்து போவது பெரும்பாலும் கருமுட்டை வெளிவரும் வலி, பயப்பட வேண்டாம். எனக்கு விலக்காவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, மூன்றாம் நாள் வரை 8, 9 என்று இருந்தது. காலண்டர் தாள்களைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்த மகளிர் மருத்துவர் தாள்களைப் பார்த்துவிட்டுத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லையே சொன்னார். கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியிலும் வளர்ந்து, மாதச் சுழற்சியோடு சேர்ந்து வீங்கிப் புண்ணாகிறது. உலகத்தில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறதாம். சின்னத் திட்டுகள் சாதாரண ஸ்கேனில் படுவதில்லை. ஸ்கேன் நார்மல் என்றாலும் நோய் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தேவைப்பட்டால் பிறப்புறுப்பு வழி ஸ்கேன், எம்ஆர்ஐ, வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று போவார்கள். கர்ப்பப்பைச் சதைக்குள்ளேயே அந்தத் திசு வளரும் அடினோமயோசிஸும் இதே மாதிரி வலிக்கும்.

வெளியே செலவு செய்ய முடியாதவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "விலக்குக்கு இரண்டு நாள் முன்பு தொடங்குகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அடுத்து குழந்தை வேண்டும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மருந்து அதைப் பொறுத்து மாறும். எனக்குத் தினம் ஒரு டைனோஜெஸ்ட் 2 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். முதல் சில மாதம் உதிரம் திட்டுத்திட்டாகப் பட்டது, பிறகு வலி 3-க்கு இறங்கியது. எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்த பிறகும் வெளியே இருக்கும் திட்டுகள் வலிக்கலாம்.

வீட்டில் எனக்கு உதவுவது வெந்நீர்ப் பை. வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல், தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் கேட்கிறது. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் இரண்டும் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், கேட்காமல் போடாதீர்கள். உளுந்தங்களியை நான் இன்னும் சாப்பிடுகிறேன். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்ட நல்ல சாப்பாடு அது. நோயைக் குணமாக்காது.

காலண்டருக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக வலித்தால் அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். மயக்கம், வலியோடு காய்ச்சல், கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதல், மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. எழுந்து நிற்க முடியவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.