எச்.ஐ.வி.க்கு டி.எல்.டி. மாத்திரை தொடங்குகிறவர்களுக்கு

நான் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் மையத்தில், ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தொற்று உறுதியாகி வருகிறவர்களில் பலர், "சிடி4 குறைஞ்சாத்தான் மருந்து தருவீங்களாமே?" என்று கேட்கிறார்கள். சிடி4 என்பது நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. 2017-லிருந்து அப்படி இல்லை. சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே தொடங்கலாம், இலவசம். இருமல், காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது இருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் டி.எல்.டி. தினம் ஒன்று. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ராத்திரி போட்டுத் தூக்கம் கெட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

வீட்டில் இருக்கிற மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். மேசையில் கொட்டினால் ஜெலுசில் என்ற வயிற்று எரிச்சல் மருந்து, கால்சியம், சத்து மாத்திரை என்று வந்து விழும். எல்லாமே சாதாரணமாகக் கடையில் வாங்கியவை. ஆனால் இவை டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது! ஜெலுசில் மாதிரி மருந்து வேண்டுமென்றால், டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். அதை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்துக்கும் இதே இடைவெளிதான். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் சாப்பாட்டோடு என்றால் மட்டும் டி.எல்.டி.யுடன் சேர்த்தே போடலாம். கர்ப்பிணிகள் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இப்படிப் போட்டாலே போதும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் தேவைப்படும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? அளவை டாக்டர் பார்க்கட்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைதான் சொல்லும். ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை எடுப்போம். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து இதைச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வைரஸ் எண்ணிக்கை ஒரு மில்லி ரத்தத்தில் 1000-க்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம், எந்த வேளை தவறுகிறது என்று சேர்ந்து பார்ப்போம், மூன்று மாதத்தில் மறுபடி எடுப்போம்.

திருப்பூருக்கோ வெளிமாநிலத்துக்கோ வேலைக்குப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அங்குள்ள மையத்துக்கு மாற்றித் தருகிறோம். சந்தேகம் என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.