ஒரே இழையில் பாம்புக் கோலம்: பைத்தானில் வரையும் முறை

ஃபிராக்டல் ஓவியம் (ஒரே வடிவம் சிறிதும் பெரிதுமாகத் திரும்பத் திரும்ப வருவது) என்றாலே பலரும் மேண்டல்பிராட் படத்தைத்தான் தேடிப்போகிறார்கள். முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ வளர்ந்தவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் வாசலிலேயே கிடக்கிறது. சிறு வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்பப் பெருக்கினால் பெரிய சிக்குக் கோலம் வந்துவிடும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

பைத்தான் 3 போதும். திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோடு வரையும் டர்ட்டில் தொகுப்பு அதனுடனேயே வரும்; உபுண்டுவில் மட்டும் அதற்கு வேண்டிய டிகேஇன்டர் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம்.

பாம்புக் கோலத்துக்கு முதலில் ஒரு சரம், அதாவது எழுத்து வரிசை, வேண்டும். அதில் க என்பது முன்னே வைக்கும் ஓர் அடி, ப என்பது இனி வளரப்போகும் இடம், + இடப்பக்கம் 90 பாகை திரும்பு, - வலப்பக்கம் 90 பாகை திரும்பு.

தொடக்கம்: க+பக+க+பக+
விதி: ப → பக-க-க+பக+க+பக-க-க+ப

ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ப-வையும் விதியின் வலப்பக்கத்தால் மாற்றுங்கள். போதுமான சுற்று முடிந்ததும் மிச்சமுள்ள ப-க்களை நீக்கிவிடுங்கள். எழுத்துகளை மாற்ற விரும்பினால் அகர உயிர்மெய்யையே வையுங்கள்: 'கி' நமக்கு ஓரெழுத்து, பைத்தானுக்கு இரண்டு குறி, சரத்தை ஒவ்வொன்றாகப் படிக்கையில் அது உடைந்துவிடும். கழித்தல் குறியையும் கவனியுங்கள். வேறு செயலியிலிருந்து ஒட்டும்போது அது நீளக் கோடாக மாறியிருந்தால் அந்தத் திருப்பம் நடக்காமலே போகும்.

வரைவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். க-வின் எண்ணிக்கை சுற்று 1-இல் 20, பிறகு 84, 340, 1364, 5460 என்று போகும். + எண்ணிக்கையிலிருந்து - எண்ணிக்கையைக் கழித்தால் எந்தச் சுற்றிலும் 4 வர வேண்டும், அதாவது 360 பாகை. இது வராவிட்டால் இழை மூடாது; விதியில் ஒரு குறி தவறியிருக்கிறது.

இனி வரைதல். க-வுக்கு நேர்கோடு போட்டு மூலையில் திருப்பினால் படம் சதுரங்கப் பலகை போல வரும். மூலைகள் ஒன்றையொன்று தொடுவதால் இழை எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியாது. கோலத்தின் உயிர் வளைவில்தான் இருக்கிறது. ஆகவே நேர்கோட்டை விட்டுவிட்டு, திருப்பத்தை மட்டும் வரையுங்கள்: + வந்தால் சர்க்கிள் கட்டளையில் அரை அடி ஆரமும் 90 பாகையும், - வந்தால் அதே ஆரம் எதிர்க்குறியோடு. ஸ்டெப்ஸ் மதிப்பை 8 என்று நீங்களே கொடுங்கள். கொடுக்காமல் விட்டால் சிறு ஆரங்களுக்கு டர்ட்டில் மூன்று நான்கு துண்டே போடும், வளைவு முறிந்து தெரியும்.

க வரும்போது பேனாவைத் தூக்கி, இடப்பக்கம் அரை அடி போய்ப் புள்ளி வைத்துவிட்டு, வந்த இடத்துக்கே திரும்பி, பழைய திசையையே பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நாலு முறை அதே இடத்தில் விழும், திரையில் அதனால் கெடுதல் இல்லை. தொடக்கத் திசை 45 பாகை. அப்போதுதான் கோலம் நேர்ப்புள்ளியாக நிமிர்ந்து நிற்கும்: சுற்று 1-இல் 1-3-1, சுற்று 2-இல் 1-3-3-7-3-3-1. இதில் மூன்றாம், ஐந்தாம் வரிசைகளின் மூன்று புள்ளிகளுக்கும் இடையே ஒவ்வொரு இடம் காலியாக விடப்படும்.

ஒரு சுற்று கூடினால் அகலம் ஏறக்குறைய இரட்டிப்பு, இழையின் நீளம் நான்கு மடங்கு. அதனால் அடியைப் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள்: சுற்று 3-க்கு 30 பிக்சல், 4-க்கு 15, 5-க்கு 8. கோலம் தொடங்கிய இடத்திலிருந்து மேல்நோக்கி வளர்வதால், சுற்று 4-க்கு (0, -330) அருகே தொடங்கினால் நடுவில் அமரும். ஆமை நகர்வதைக் காட்டும் டிரேசரை 0 ஆக்கி, முடிவில் ஒருமுறை அப்டேட் கொடுங்கள். மறந்தால் ஆமை ஊர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுற்று 6-இல் 21844 அடி. சாதாரணத் திரையில் இழைகள் ஒட்டிக்கொள்ளும், அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்குக் கலர்சிஸ் தொகுப்பில் எச்எஸ்வி முறை (சாயல், செறிவு, ஒளிர்வு என்று நிறத்தைச் சொல்வது) நன்றாக வரும். அடியின் வரிசை எண்ணை மொத்தத்தால் வகுத்துச் சாயலாகக் கொடுத்தால், சிவப்பில் கிளம்பிய இழை எல்லா நிறத்தையும் சுற்றிவிட்டுச் சிவப்பிலேயே சேரும். முழுக் கோலமும் ஒரே இழை என்பது அப்போது பளிச்சென்று தெரியும். செம்மண் நிறப் பின்னணியில் வெள்ளை இழை போட்டால் அதுவும் அழகு.

அச்சுக்கு, டர்ட்டில் வரையும் பரப்பான கேன்வாஸின் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளையால் இபிஎஸ் கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பின்னணி நிறம் அந்தக் கோப்பில் ஏறாது. வெள்ளை இழை வெள்ளைத் தாளில் மறைந்துபோகும், ஆகவே இங்க்ஸ்கேப்பில் பின்னால் ஒரு செவ்வகம் போட்டுவிடுங்கள்.

வாசலிலேயே மாவால் போட விரும்பினால் சுற்று 2 போதும். புள்ளிக்குப் புள்ளி 15 செ.மீ. விட்டால் மொத்த அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடும். சுற்று 3-க்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் தெரு இடம் வேண்டும், புள்ளி 85.