வேலையின்மை 3.2 சதவீதம்தானா? புள்ளிவிவரத்தை நாமே படித்துப் பார்ப்போம்

"2023-24இல் நாட்டில் வேலையின்மை வெறும் 3.2 சதவீதம்" என்று செய்தி வாசித்தார்கள். டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கும் பையனுக்கு அதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். எண் பொய்யில்லை. அது யாரை எண்ணுகிறது என்பதில்தான் சூட்சுமம். ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அறிக்கையை இறக்குங்கள்

அந்த 3.2 வருவது, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து, சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கை மத்தியப் புள்ளியியல் அமைச்சக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2023-24 என்று போட்டிருந்தால் 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை. அறிக்கையின் தடிமனைப் பார்த்து மிரளாதீர்கள், இப்போதைக்கு மூன்று எண்கள் போதும்.

படி 2: ஒரு கழித்தல், ஒரு வகுத்தல்

15 வயதும் அதற்கு மேலும் உள்ள 100 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். 2023-24இல் அவர்களில் 60.1 பேர் வேலை பார்க்கிறார்கள், அல்லது தேடுகிறார்கள், அல்லது கிடைத்தால் செய்யத் தயார் என்கிறார்கள். இதுதான் பங்கேற்பு விகிதம். உண்மையில் வேலையில் இருப்பவர்கள் 58.2 பேர். கழித்தால் 1.9. இதை 100ஆல் வகுக்கக் கூடாது, 60.1ஆல் வகுக்க வேண்டும். 3.2 வருகிறதா? அதுதான் டிவியில் சொன்ன எண்.

இதே கணக்கை 2017-18க்குப் போடுங்கள்: 49.8, 46.8. விடை 6.0.

படிக்கும் பிள்ளைகளும், வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இந்த வகுத்தலுக்குள் வரவே மாட்டார்கள். அதனால் வேலையின்மை குறைந்தது என்று கேள்விப்பட்டால், பங்கேற்பு ஏறியதா இறங்கியதா என்று உடனே பாருங்கள். இங்கே ஏறியிருக்கிறது.

படி 3: எந்த அளவுகோல்?

3.2 என்பது 365 நாளைத் திரும்பிப் பார்க்கும் கணக்கு. வருடத்தில் 30 நாள் துணைவேலை செய்திருந்தாலே அதில் வேலையில் இருப்பவர்தான். இன்னொரு கணக்கு கடந்த 7 நாளை மட்டும் பார்க்கும். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். இந்த வாரக் கணக்கில் அதே 2023-24க்கு 4.9. பிறகு 2025 ஏப்ரல் மாதத்துக்கு 5.1 என்று வந்தது. "3.2லிருந்து 5.1க்கு எகிறிவிட்டது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முழத்தையும் சாணையும் கலக்கிறார் என்று அர்த்தம்.

படி 4: என்ன வேலை?

நான் அறிக்கையைத் திறந்ததும் முதலில் போகிற இடம் இதுதான்.

ஒரு தெருமுனை இட்லிக் கடை. கணவர் கல்லாவில். மனைவி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு ஆட்டி, சட்னி அரைத்து, கடைசியில் பாத்திரமும் தேய்க்கிறார். சம்பளம்? ஒரு ரூபாய் கிடையாது. கணக்கெடுப்பில் இருவருமே சுயதொழிலில் இருப்பவர்கள்; மனைவி "குடும்பத் தொழிலில் உதவியாளர்". வேலை செய்கிறவரை வேலை செய்கிறவர் என்று எண்ணுவது நியாயம்தான். ஆனால் அதை "வேலை கிடைத்தது" என்று வாசித்தால் ஏமாந்துபோவோம்.

இப்போது 2017-18ஐயும் 2023-24ஐயும் பக்கத்தில் வையுங்கள். பெண்களின் பங்கேற்பு 23.3இலிருந்து 41.7. பெரிய தாவல். வேலையில் இருப்போரில் சுயதொழில் 52.2இலிருந்து 58.4. சம்பளமில்லா உதவியாளர்கள் 13.6இலிருந்து 19.4. மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் 22.8இலிருந்து 21.7. ஆக, கூடியதில் பெரும்பங்கு எங்கே போயிருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

படி 5: நீண்டகாலப் போக்கு

இரண்டு வருட எண்ணை வைத்துப் போக்கு சொல்லாதீர்கள். வேலையில் இருப்போரில் விவசாயத்தில் இருப்பவர்களை வரிசையாக எழுதுங்கள்: 2011-12இல் 48.9, 2018-19இல் 42.5, 2020-21இல் 46.5, 2023-24இல் 46.1. பல்லாண்டாக இறங்கி வந்தது கொரோனாவில் திரும்பி ஏறியது. ஊருக்குப் போனவர்கள் பலர் வயலில் இறங்கினார்கள். ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆகியும் அந்த ஏற்றம் பெரிதாக இறங்கவில்லை.

தாளில் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட மறக்காதீர்கள். 2017க்கு முன்னால் ஒன்று, ஏனென்றால் அதுவரை நடந்தது சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த வேறு கணக்கெடுப்பு. 2025 ஜனவரியில் இன்னொன்று. அங்கிருந்து மாதிரி எடுக்கும் முறை மாறியது, ஆண்டும் ஜனவரி-டிசம்பர் ஆனது. கோட்டைத் தாண்டி ஒப்பிடும்போது கால் சதவீதம், அரை சதவீத வித்தியாசத்தையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.