ஈரல் எம்.ஆர்.ஐ.யில் ப்ரிமோவிஸ்ட்: ஆறு மில்லியைக் கோட்டை விடாமல் இருக்க

ஈரல் புற்றுநோய் சந்தேகத்தில் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கமிருந்து விடிகாலை பஸ் ஏறி ஸ்கேனுக்கு வருபவர்களை இன்னொரு நாள் வரச் சொல்வது பாவம். மருந்தும் விலை கூடியது. ஒரே தடவையில் சரியாக எடுத்துவிட வேண்டும்.

ப்ரிமோவிஸ்ட் என்பது கடோக்ஸெடேட் என்கிற, படத்தில் ஈரலை வெளுத்துக் காட்டும் ஊசி மருந்து. இதில் ஏறக்குறைய பாதி ஈரல் செல்லுக்குள் புகுந்து பித்தத்தில் இறங்கும். மீதி சிறுநீரில் போகும். உள்ளே விடும் வாசல் ஓஏடிபி1பி3 என்ற புரதம். புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் இதை இழந்துவிடுவதால், ஊசி போட்ட 20ஆம் நிமிடத்தில் ஈரல் வெளுத்திருக்க, கட்டி மட்டும் கறுப்பாகத் தெரியும். வாசலை இழக்காத சில கட்டிகள் வெளுத்தே நிற்கும். வெளுப்பாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், வழியில் சொந்தக்காரர் வீட்டில் வெள்ளைப்பணியாரம் நீட்டினாலும் கூடாது. ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 30க்குக் கீழே இருந்தாலோ, முன்பு கடோலினியம் (இந்த வகை எம்.ஆர்.ஐ. ஊசி மருந்துகளில் இருக்கும் உலோகம்) ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ ரேடியாலஜிஸ்டைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள்.

அளவு கிலோவுக்கு 0.1 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிதான். வழக்கமான கடோலினியத்தின் கைப்பழக்கத்தில் 12 மில்லி ஏற்றிவிடுவது நடக்கக்கூடிய தவறு. எடையை வாய்க்கணக்கில் வாங்காமல் நிறுத்துப் பாருங்கள்.

பித்தநாளப் படம் தேவையென்றால் மருந்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மருந்து பித்தத்தில் இறங்கிவிட்டால் அந்தப் படம் கெட்டுவிடும். பிறகு நொடிக்கு 1 மில்லி வேகத்தில் மருந்து, அதே வேகத்தில் 20 மில்லி சலைன்.

சறுக்குவது ஆர்ட்டீரியல் ஃபேஸில்தான், அதாவது மருந்து தமனி வழியாக ஈரலுக்கு வரும் நேரத்துப் படத்தில். ஆறே நொடியில் மருந்து தீர்ந்துவிடுகிறது. இதயம் மெதுவாக இயங்குபவருக்கு அது ஈரலுக்குத் தாமதமாகவே வரும். எல்லோருக்கும் ஒரே நொடிக்கணக்கு வைக்காமல் போலஸ் டிராக்கிங் போடுங்கள், அதாவது மருந்து வந்து சேர்வதைத் திரையில் பார்த்துப் படத்தைத் தொடங்குங்கள். நல்ல படத்தில் தமனி பளிச்சென்றும் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் போர்ட்டல் சிரை லேசாகவும் நிறைந்திருக்கும். ஈரலிலிருந்து வெளியேறும் ஹெப்பாடிக் சிரையில் எதுவும் இருக்காது.

இந்த மருந்தில் இன்னொரு தொல்லை: சிலருக்குச் சரியாக அந்த நேரத்தில் மூச்சு தடுமாறிப் படம் கலங்கும். சில நொடிகளில் தானே அடங்கிவிடும், ஆனால் ஆர்ட்டீரியல் படம் போனது போனதுதான். ஊசிக்கு முன்பே இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள்: “ஆச்சி, மூச்சை விடுங்க... அப்படியே நிறுத்துங்க. மருந்து போறப்ப ஒரு மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க, நான் சொன்னதும் மூச்சு விட்டுக்கலாம்.” மூச்சடக்கும் நேரத்தை 15 நொடிக்குள் முடியுங்கள்.

வாஷ்அவுட்டை, அதாவது முதலில் வெளுத்த கட்டி பிறகு ஈரலைவிடக் கறுப்பதை, போர்ட்டல் ஃபேஸில் (போர்ட்டல் சிரை நிறைந்த நேரத்துப் படத்தில்) மட்டுமே கணக்கில் எடுங்கள். அதன்பின் ஈரலே மருந்தை இழுத்து வெளுத்துவிடும். ஹீமாஞ்சியோமாகூட (புற்றுநோய் அல்லாத ரத்தக்குழாய்க் கட்டி) வெளுத்த ஈரலுக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

20 நிமிடக் காத்திருப்பில் டி2, டிஃப்யூஷன் என்ற மற்ற இரண்டு வகைப் படங்களையும் முடித்துவிடலாம். கடைசிப் படத்தில் ஈரல் ரத்தக்குழாயைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) ரிப்போர்ட்டைப் பாருங்கள், டெசிலிட்டருக்கு 3 மி.கி.யைத் தாண்டியிருந்தால் ஈரல் மருந்தைச் சரியாக இழுத்திருக்காது. அந்தப் படத்தில் கட்டி தெரியவில்லை என்பதை வைத்துக் கட்டி இல்லை என்று எழுதிவிடக் கூடாது.